சேற்றில் இரண்டு பெண்கள்: ‘மட்பவுண்ட்’ படம் யாரை எப்படிக் காட்டுகிறது

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அதில் 14 பேர் உயிரை விட்டார்கள் என்று ஆங்கிலத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். மார்க்கெட்டுக்குப் போகிற அவசரத்தில் யாரும் நின்று படிப்பதில்லை. படித்தால் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடும். மீதி 263 பேர் என்ன ஆனார்கள்? திரும்பி வந்தவர்கள் எந்தத் தெருவுக்கு வந்தார்கள், ஊருக்குள் அவர்களை எப்படி நடத்தினார்கள், அவர்கள் இல்லாத வருஷங்களில் நிலத்தையும் மாட்டையும் பிள்ளைகளையும் கட்டி மேய்த்த பெண்கள் யார் யார்? அதெல்லாம் அந்தக் கல்லில் கிடையாது. ஒரு கல்லில் அவ்வளவையும் வெட்ட முடியாது, சரி. சினிமாவிலாவது சொல்லலாம் இல்லையா?

போருக்குப் பிந்தைய காலத்தை எடுத்துக்கொள்ளும் படங்களும் பெரும்பாலும் அந்தக் கல்வெட்டு மாதிரியேதான் இருக்கின்றன. போனவன், செத்தவன், மெடல் வாங்கியவன். மனைவி வாசலில் நிற்பாள், கடிதத்தைப் படித்து அழுவாள். கறுப்பினத்தவரோ வேறு சிறுபான்மையினரோ வந்தால் கதாநாயகனுக்கு நல்ல மனசு இருக்கிறது என்று காட்டுவதற்காக வருவார்கள். இந்த வழக்கத்திலிருந்து உண்மையாகவே விலகிய படம் என்று நான் நினைப்பது 2017-இல் வந்த ‘மட்பவுண்ட்’. ஹிலரி ஜோர்டன் 2008-இல் எழுதிய நாவலை வைத்து டீ ரீஸ் என்ற கறுப்பினப் பெண் இயக்கியது, நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்டது. 1940-களின் அமெரிக்கா, மிசிசிப்பி மாநிலத்தின் டெல்டா பகுதி. ஒரே நிலத்தில் இரண்டு குடும்பங்கள்: நிலத்தை வாங்கிக்கொண்டு வந்து இறங்கும் வெள்ளைக்கார மெக்காலன் குடும்பம், அதே நிலத்தில் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு கொடுத்து, பயிர் செய்யும் கறுப்பின ஜாக்சன் குடும்பம். இரண்டு வீட்டிலிருந்தும் ஆளுக்கு ஒருவர் இரண்டாம் உலகப் போருக்குப் போய்த் திரும்புகிறார்கள். கதையின் முடிவு வரைக்கும் இங்கே பேசப்போகிறேன், அதனால் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

ஒரு படத்தில் பெண்களுக்கும் சிறுபான்மையினருக்கும் இடம் இருக்கிறதா என்று பார்க்க நாம் உடனே தலையை எண்ண ஆரம்பித்துவிடுகிறோம். எத்தனை பேர், எத்தனை நிமிஷம், எத்தனை வசனம். அந்த எண்ணிக்கையும் வேண்டியதுதான். ஆனால் இந்தப் படத்தை வைத்துப் பார்த்தால் அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: யாருடைய மனசுக்குள் நம்மை உட்கார வைக்கிறார்கள்? படத்தில் ஆறு பேருடைய மனக்குரல் கேட்கிறது. நிலக்காரன் ஹென்றி, அவன் மனைவி லாரா, தம்பி ஜேமி, வாரக்குடியானவர் ஹாப், அவர் மனைவி ஃப்ளோரன்ஸ், மூத்த மகன் ரான்செல். மூன்று வெள்ளையர், மூன்று கறுப்பினத்தவர். இனவெறி பிடித்த கிழவன், ஹென்றியின் அப்பா, அவனுக்கு மட்டும் மனக்குரல் கிடையாது. அவன் பேசுவதை வெளியிலிருந்து கேட்கிறோம், அவ்வளவுதான். வெறுப்புக்குப் பின்னால் ஏதோ ஒரு சோகக் கதை இருக்கும் என்று தேடிக்கொண்டு போகாமல், அந்த நேரத்தை ஹாப்புக்கும் ஃப்ளோரன்ஸுக்கும் கொடுத்திருக்கிறார் ரீஸ். திரைக்கதையில் விர்ஜில் வில்லியம்ஸோடு சேர்ந்து வேலை செய்தபோது ஜாக்சன் குடும்பத்தின் பகுதியை நாவலில் இருந்ததைவிட வளர்த்தெடுத்தவரும் அவர்தான்.

ஃப்ளோரன்ஸும் லாராவும் வருகிற காட்சிகள்தான் இந்தப் படத்தின் உயிர் என்பேன். லாரா மெம்ஃபிஸ் நகரத்தில் வளர்ந்தவள், படித்தவள், முப்பது வயதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லையே என்று வீட்டில் கவலைப்பட்ட பெண். ஹென்றி வந்து கல்யாணம் செய்துகொள்கிறான், ஒருநாள் திடீரென்று நிலம் வாங்கிவிட்டேன் கிளம்பு என்கிறான். அவளைக் கேட்கவில்லை. டவுனில் வாடகைக்குப் பேசியிருந்த வீடும் ஏமாற்று என்று தெரிந்து, தண்ணீர்க் குழாய்கூட இல்லாத ஒரு பலகை வீட்டில், மாமனாரோடு, இரண்டு பெண் குழந்தைகளோடு போய் உட்காருகிறாள். மழை வந்தால் ஆறு பெருகி வெளி உலகத்துக்கே வழி கிடையாது. குளிக்க மறைவு இல்லை என்பதை இந்தப் படம் எவ்வளவு கவனமாகக் காட்டுகிறது என்று பாருங்கள். கொழுந்தன் ஜேமி பலகை அடித்து ஒரு குளியல் தடுப்பு கட்டிக் கொடுக்கும்போது அவள் முகத்தில் வருகிற நிம்மதி, வீட்டுக்குள் குளியலறை இல்லாமல் விடியற்காலை இருட்டில் குளித்துப் பழகிய நம்மூர்ப் பெண்களுக்கு ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல் புரியும்.

இந்த இடத்தோடு நிறுத்தியிருந்தால் இன்னொரு ‘பாவப்பட்ட வெள்ளைக்காரப் பெண்’ படமாகப் போயிருக்கும். குழந்தைகளுக்குக் கக்குவான் இருமல் வந்து லாரா பயந்துபோன ராத்திரி, ஹென்றி போய் ஃப்ளோரன்ஸ் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். ஃப்ளோரன்ஸ் வருகிறாள். தன் வீட்டில் தன் பிள்ளைகள் இருக்கிறார்கள், அந்த நோய் அவர்களுக்கும் தொற்றலாம், ஆனாலும் வர முடியாது என்று சொல்லுகிற வழி அவளுக்கு இல்லை. அப்புறம் வேலைக்கும் வந்துவிடு என்கிறார்கள். அவளுடைய அம்மாவும் வெள்ளைக்காரர் வீட்டுக் குழந்தைகளை வளர்க்கப் போய்விட்டு, தன் பிள்ளைகளோடு இருக்க நேரமில்லாமல் வாழ்ந்தவள். அதே கதி தனக்கு வேண்டாம் என்று நினைத்தவள்தான் ஃப்ளோரன்ஸ். லாரா கெட்டவள் கிடையாது. ஹாப்புக்குக் கால் உடைந்தபோது புருஷனுக்குத் தெரியாமல் பெட்டியிலிருந்து பணம் எடுத்து டாக்டருக்குக் கொடுக்கிறவள் அவள். இருந்தாலும் லாராவுக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கிறது என்றால் அந்த நேரம் ஃப்ளோரன்ஸின் வீட்டிலிருந்து எடுத்தது. பெண் என்று பொதுவாக ஒரு வார்த்தையைச் சொல்லி இரண்டு பேரையும் ஒரே வரிசையில் நிறுத்த முடியாது என்பதைப் பிரசங்கம் செய்யாமல், யார் வீட்டில் யார் இரவில் தங்குகிறார்கள் என்பதை வைத்தே காட்டிவிடுகிறார்கள்.

இன்னொன்று. போரிலிருந்து திரும்பிய ரான்செல் அம்மாவுக்கு ஒரு சாக்லேட் கொண்டு வருகிறான். எது கிடைத்தாலும் பங்கு போட்டே பழகிய கை அவளுடையது. இது உனக்கு மட்டும் என்று மகன் சொல்கிறான். அவள் தனியாக அதைச் சாப்பிடுகிற சில நொடிகளை மேரி ஜே. பிளைஜ் நடித்திருக்கும் விதத்துக்காகவே படத்தை மறுபடி பார்க்கலாம். பெரிய பாடகி, மேக்கப்பும் பொய்முடியும் இல்லாமல் நடிக்கத் தயங்கியவர் என்று சொல்வார்கள். இங்கே எதுவும் இல்லாத முகத்தோடு வந்து நிற்கிறார். அந்தப் பாத்திரத்துக்காகச் சிறந்த துணை நடிகைக்கும், படத்தின் பாட்டுக்காகவும் அவரை ஆஸ்கருக்குப் பரிந்துரைத்தார்கள். நடிப்புக்கும் பாட்டுக்கும் ஒரே வருஷத்தில் பரிந்துரை வாங்கிய முதல் ஆள் அவர்தான்.

இந்தக் கதையில் நடப்பதெல்லாம் தனி மனிதர்களின் நல்ல குணம் கெட்ட குணத்தால் மட்டும் நடக்கவில்லை, பின்னால் சட்டம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் படம் இன்னும் கனமாகத் தெரியும். அமெரிக்காவில் முதியோர் பென்ஷனைக் கொண்டுவந்த 1935 சட்டமும், குறைந்தபட்சக் கூலியை நிர்ணயித்த 1938 சட்டமும் இரண்டு வகை வேலைக்காரர்களை வெளியே விட்டன: விவசாயக் கூலிகள், வீட்டு வேலை செய்பவர்கள். தெற்கு மாநிலங்களில் கறுப்பினத்தவர் பெரும்பாலும் செய்த வேலைகளே இந்த இரண்டுதான். ஹாப் ஒன்றில் இருக்கிறார், ஃப்ளோரன்ஸ் இரண்டிலும் இருக்கிறாள். வாரக் கணக்கு நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு நன்றாகவே தெரிந்த கணக்கு. சொந்தக் கோவேறு கழுதை வைத்து உழுதால் நிலக்காரனுக்குக் கொடுக்க வேண்டிய பங்கு குறைவு, அவன் கழுதையை வாங்கி உழுதால் விளைச்சலில் பாதி போய்விடும். கால் உடைந்து ஹாப் படுத்துக் கிடக்கிற நேரம் பார்த்து ஹென்றி வந்து கழுதையைப் பற்றிப் பேசுகிறான். குரலை உயர்த்தவில்லை, திட்டவில்லை, கையில் சவுக்கு இல்லை. ஒரு குடும்பம் ஒரு படி கீழே இறங்க அவ்வளவு போதும்.

ரான்செலின் பக்கம் வருவோம். அவன் 761-வது டாங்க் படைப்பிரிவின் ஆள். அது உண்மையான படைப்பிரிவு, கறுப்பின வீரர்களைக் கொண்டது, 1944 அக்டோபரில் பிரான்சில் இறங்கி ஜெனரல் பேட்டனின் கீழ் 183 நாள் சண்டை போட்டது. அவர்களுக்கு அதிபரின் உயரிய பாராட்டு கிடைத்தது 1978-இல். அதாவது போர் முடிந்து 33 வருஷம் கழித்து. ஐரோப்பாவில் மக்கள் தெருவில் நின்று வரவேற்ற ஒருவன், சொந்த ஊர்க் கடையில் முன்வாசல் வழியாக வெளியே போகக் கூடாது, பின்வாசலால் போ என்று சீருடையிலேயே அவமானப்படுகிறான். படத்துக்காகக் கூட்டிச் சொன்னதாக யாரும் நினைக்க வேண்டாம். ஐசக் வுட்டார்ட் என்ற வீரர் 1946 பிப்ரவரி 12 அன்று படையிலிருந்து விடுவிக்கப்பட்ட சில மணி நேரத்தில், சீருடையோடு, தென் கரோலினாவில் போலீஸ் அடியில் இரண்டு கண்ணையும் இழந்தார். அடித்த அதிகாரியை வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி விடுதலை செய்தது. அதே 1946 ஜூலையில், போரிலிருந்து திரும்பிய மெட்கர் எவர்ஸ் மிசிசிப்பியில் ஓட்டுப்போடப் போனபோது ஆயுதத்தோடு நின்ற கூட்டம் திருப்பி அனுப்பியது. முன்னாள் வீரர்களுக்கு வீடு, தொழில், பண்ணை வாங்கக் கடன் தரும் திட்டம் 1944-இலேயே வந்துவிட்டது. 1947-இல் மிசிசிப்பியில் அப்படிக் கொடுத்த கடன்கள் 3200-க்கும் மேல், அதில் கறுப்பினத்தவருக்குக் கிடைத்தது இரண்டே இரண்டு. ஹாப்புக்குச் சொந்த நிலம் வேண்டும் என்ற ஆசை ஏன் கடைசிவரை ஆசையாகவே நிற்கிறது என்பதற்கு இந்த இரண்டு என்ற எண்ணே பதில்.

ரான்செலுக்கு ஜெர்மனியில் ரெஸ்ல் என்ற பெண்ணோடு உறவு இருந்தது, ஒரு மகனும் பிறந்திருக்கிறான். அவளும் குழந்தையும் இருக்கிற போட்டோ தப்பானவர்கள் கையில் சிக்குகிறது. மிசிசிப்பியில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் கல்யாணம் செய்துகொள்வதே குற்றம், 1967-இல் உச்ச நீதிமன்றம் தடையை உடைக்கும்வரை அப்படித்தான். முகமூடிக் கும்பல் அவனைக் கட்டிவைத்து, என்ன தண்டனை என்று அவன் சிநேகிதனான ஜேமியையே தேர்ந்தெடுக்கச் சொல்லி, ரான்செலின் நாக்கை அறுக்கிறது. பார்க்க முடியாத காட்சி. ஆனால் மனக்குரல் என்ற உத்தியின் முழுப் பலன் இங்கேதான் தெரிகிறது. வாய் போன பிறகும் அவன் குரலில்தான் படம் முடிகிறது. இரண்டு மணி நேரமாக அந்தக் குரலை உள்ளேயிருந்து கேட்டுப் பழகிய நமக்கு, அவனிடமிருந்து எதை எடுத்தார்கள், எதை எடுக்க முடியவில்லை என்பது தெளிவாகத் தெரிகிறது.

கேமராவுக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்பதும் இந்தக் கணக்கில் வரும். ஒளிப்பதிவு ரேச்சல் மாரிசன். ஆஸ்கர் விருது தொடங்கி 90-வது விழா, 2018-இல்தான் ஒளிப்பதிவுக்கு ஒரு பெண் முதன்முதலாகப் பரிந்துரை பெற்றார், அது இந்தப் படத்துக்காக. படத்தொகுப்பு மாகோ கமிட்சுனா, இசை தமார்-காலி, அவர்களும் பெண்கள். நான்கு பரிந்துரை கிடைத்தது, விருது ஒன்றுகூட இல்லை. மாரிசன் 1930-களில் அரசுக்காகக் கிராமப்புற வறுமையைப் படம் பிடித்த புகைப்படக்காரர்களைப் பார்த்துப் படித்துவிட்டு வந்தவர். ஆனாலும் ஏழ்மையை அழகாக்கவில்லை. ஃப்ளோரன்ஸ் நடக்கும்போது கேமரா அவள் உயரத்தில் இருக்கிறது. மேலேயிருந்து பாவம் என்று பார்க்கிற ஷாட் ஒன்று எனக்கு ஞாபகம் வரவில்லை.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது, எனக்கு அது உறுத்தவும் செய்கிறது. ஜேமி ரான்செலோடு சிநேகம் பிடிக்கிறதற்குக் காரணம், போரில் ஜேமி ஓட்டிய விமானத்தை வானத்தில் ஒரு கறுப்பின விமானி காப்பாற்றினான் என்பது. நன்றிக்கடன் இல்லாவிட்டால் ஜேமி என்ன செய்திருப்பான்? வெள்ளைக்காரன் மனசு திறக்க முதலில் கறுப்பினத்தவர் அவன் உயிரைக் காப்பாற்றியாக வேண்டும் என்ற பழைய கணக்கு இங்கேயும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாக்கை அறுக்கிற காட்சியிலும் கேமரா ஜேமியின் வேதனைக்கு நிறைய இடம் தருகிறது. ரெஸ்ல் ஏறக்குறைய ஒரு போட்டோவாகவும் கடிதமாகவும்தான் இருக்கிறாள். தோற்ற நாட்டில், கறுப்பின வீரனின் குழந்தையோடு, அக்கம்பக்கத்தாரின் வாயில் விழுந்து எழுந்து வாழ்ந்த ஆயிரக்கணக்கான ஜெர்மானியப் பெண்களில் ஒருத்தி அவள், அதுவே தனிப்படம் ஆகும். அப்புறம் ஜாக்சன் வீட்டுப் பெண் லில்லி மே. ஸ்டெனோகிராபர் ஆகப்போகிறேன் என்கிறாள். ரீஸின் பாட்டிக்குச் சின்ன வயதில் இருந்த ஆசை அது, அவர் அதை அப்படியே படத்தில் வைத்துவிட்டார். என்ன அருமையான ஒரு துளி! ஆனால் அதற்குமேல் அந்தப் பெண்ணை நாம் தெரிந்துகொள்ள முடிவதில்லை. ஆண்களின் போருக்கும் கும்பலின் வெறிக்கும் நடுவே அவள் காணாமல் போகிறாள்.

இதையெல்லாம் வேலூரில் உட்கார்ந்து ஏன் இவ்வளவு தூரம் பேச வேண்டும் என்றால், வட ஆர்க்காடு பட்டாளத்துக்குப் பெயர் போன பக்கம். கணியம்பாடி ஒன்றியத்தில் இருக்கும் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிறார்கள், வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர். இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையில் சேர்ந்தவர்கள் மொத்தம் சுமார் 25 லட்சம் பேர். நம் மாவட்டத்து வீடுகளில் இன்றைக்கும் பரண்மேல் கறுப்பு பெயிண்ட் அடித்த டிரங்குப் பெட்டி இருக்கும், வெள்ளை எழுத்தில் நம்பர், ராங்க், பெயர். பெட்டிமேல் இருக்கிற பெயர் ஆணுடையது. ஆனால் அந்தப் பெட்டி வீட்டில் இல்லாத வருஷங்களில் மணியார்டரை வாங்கிக் கடனை அடைத்து, மல்லாட்டை (நிலக்கடலை) போட்டுப் பிடுங்கி, மாமியாருக்கு வைத்தியம் பார்த்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியது யார் என்பது எந்தப் பெட்டியிலும் எழுதியிருக்காது. கணவர் இறந்த பிறகு குடும்பப் பென்ஷனுக்காக அலைகிற பெண்களைப் பார்த்தால் தெரியும். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அவள் பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி. புத்தகத்தில் பெயரை எழுதிய கிளார்க்குக்கு வடக்கத்திக் காது, எழுதினபோது அவள் பக்கத்தில் இல்லை. அந்த ஒரு எழுத்துக்காக அவள் எத்தனை மேசைக்கு முன்னால் நிற்கிறாள்.

இதே பக்கத்தில் சேரியிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்களும் உண்டு. சென்னை மாகாணப் படையில், முக்கியமாகப் பாலம், பாதை போடுகிற சாப்பர்ஸ் பிரிவில், பறையர் சமூகத்து ஆட்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே ஏராளமாக இருந்தார்கள். பூட்ஸ் போட்டு நடந்து பழகியவர் லீவில் வந்து, செருப்போடு ஊர்த்தெருவில் நடக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டுக்கு முன்னால் நின்ற அந்த நிமிஷத்தை யோசித்துப் பாருங்கள். நிறவெறியும் சாதியும் ஒன்றல்ல, மிசிசிப்பியை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து பாலாற்றங்கரையில் வைக்க முடியாது, அதற்கு முயற்சி செய்தால் இரண்டுமே கெட்டுப்போகும். ஆனால் கடையின் பின்வாசலைக் காட்டப்பட்ட ரான்செலைப் பார்க்கும்போது அந்த மனிதரை நினைக்காமல் என்னால் இருக்க முடியவில்லை, அவரைப் பற்றி ஏன் ஒரு படம் இல்லை என்று கேட்காமலும் இருக்க முடியவில்லை. அவர் மனைவியைப் பற்றி இன்னும் இல்லை. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் பெண்களுக்கென்று 1943-இல் சிங்கப்பூரில் தொடங்கிய ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி பிடித்த பெண்களில் நிறைய பேர் மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். போர் முடிந்து அவர்கள் என்ன ஆனார்கள் என்பதைத் தமிழில் ஒரு முழுநீளப் படமாக எடுத்தால் எவ்வளவு இருக்கிறது சொல்ல!

எடுப்பவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். 1962, 1965, 1971 போர்களின்போது பட்டாளத்து மனைவிகளாக இருந்த பெண்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள், எண்பதைத் தொட்டவர்கள், தாண்டியவர்கள். அவர்களிடம் போய் உட்காரும்போது கணவர் எந்த ரெஜிமெண்ட், எந்த பார்டர் என்று ஆரம்பிக்க வேண்டாம். அவர் இல்லாத வருஷம் கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற கவலையை ஓட்டியது யார், கூலியை யார் எண்ணிக் கொடுத்தது, விதைநெல் வாங்க எந்த நகையை அடகு வைத்தீர்கள் என்று கேளுங்கள். ஊர்ப் பக்கம் கேட்டு முடித்ததும் காலனிப் பக்கம் போங்கள். அங்கே கிணறு யாருடையது என்பதிலிருந்தே ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.